கடனே வாங்கியதில்லை, அதனால் கார்டு இல்லையாம்

கேள்வி சுருக்கமாக இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை. வயது 25. மாதம் 22,000 ரூபாய் பேங்க் கணக்கில் ஏறுகிறது, ஓவர்டைம் காசு சனிக்கிழமை கையில் ரொக்கமாக வருகிறது. இரண்டே வாரத்தில் மூன்று இடங்களில் ஆப் வழியாக கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார், மூன்றும் நிராகரிப்பு. ஓர் இடத்தில் மட்டும் போனில் "உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லை சார்" என்றார்களாம். "இதுவரை யாரிடமும் பத்து ரூபாய் கடன் வைத்ததில்லை. அது ஒரு குற்றமா? கார்டு இருந்தால்தானே ஹிஸ்டரி வரும்? ஹிஸ்டரி இருந்தால்தான் கார்டு என்றால் நான் எங்கே போவது? அப்பா வேறு கார்டே வேண்டாம் என்கிறார்."

தம்பி, முதல் வேலையாக நான்காவது விண்ணப்பத்தைப் போடாமல் இருங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனம் உங்கள் கடன் கணக்குகளின் பதிவான கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறது. பார்த்தது யார், எந்தத் தேதியில், எதற்காக என்பதெல்லாம் அதே ரிப்போர்ட்டின் கடைசியில் 'என்கொயரி' என்ற பகுதியில் வரிசையாக ஏறிவிடும். உள்ளே வேறு ஒன்றுமே இல்லாத ரிப்போர்ட்டில் இரண்டு வாரத்துக்குள் மூன்று என்கொயரி மட்டும் நின்றால், நான்காவதாகப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 'பையனுக்கு ஏதோ பண நெருக்கடி, கண்ட இடத்திலும் கேட்டிருக்கிறான், யாரும் தரவில்லை.' நான் ஒரு வங்கியின் சில்லறைக் கடன் பிரிவில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன். அந்த நாற்காலியில் இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். சாதாரண கார்டுக்கு இனி மூன்று நான்கு மாதம் கழித்துக் கேளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, செய்ய வேறு வேலை இருக்கிறது.

குற்றமா என்று கேட்டீர்கள். குற்றமில்லை, உங்களை அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊர் மளிகைக் கடையில் மாதக் கடைசியில் அரிசி வாங்கிவிட்டு "நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்றால் எழுதிக்கொள்வார். அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், சம்பளம் வரும் தேதி தெரியும், போன தீபாவளிக்கு வாங்கிய எண்ணெய்க்குக் காசு வந்ததும் தெரியும். அதே நீங்கள் வேறு ஊரில் ஒரு கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பேங்குக்கு நீங்கள் அந்த வேற்றூர்க்காரர். எல்லாக் கடை நோட்டுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான் கிரெடிட் பீரோ. நம் நாட்டில் நான்கு இருக்கின்றன: 2000-ல் தொடங்கிய சிபில், அப்புறம் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யார் எவ்வளவு வாங்கினார், எப்போது கட்டினார் என்ற கணக்கை இந்த நான்குக்கும் அனுப்ப வேண்டும். அதை வைத்து 300 முதல் 900 வரை மார்க், அதாவது கிரெடிட் ஸ்கோர், போடுகிறார்கள். நோட்டில் பெயரே இல்லாதவருக்கு மார்க்கும் இல்லை. சிபிலில் அதை 'என்ஹெச்' (நோ ஹிஸ்டரி) அல்லது மைனஸ் ஒன்று என்று காட்டுவார்கள். மைனஸைப் பார்த்துப் பதறி ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கே வராத மாணவனுக்கு ஆப்சென்ட் போடுவது போலத்தான் அது. ஃபெயில் இல்லை.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையில் சொல்லியிருக்கிறது. அதை ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் அரசு எடுத்துச் சொன்னது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு வங்கியின் கையில்தான் இருக்கிறது. வருமானம் போதவில்லை, உங்கள் பின்கோடுக்கு நாங்கள் கார்டு தருவதில்லை, எங்கள் உள் கொள்கைக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொள்ள நூறு காரணம் இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. போனில் சொன்னதை விட்டுவிடுங்கள். மூன்று இடத்துக்கும் ஒரு மெயில் தட்டி எழுத்தில் காரணம் கேளுங்கள். மூன்றும் ஒரே காரணமா, வேறு வேறா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான்கு பீரோவும் காலண்டர் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும். அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். வழியில் 'மாதச் சந்தா கட்டுங்கள்' என்று நாலு இடத்தில் கேட்பார்கள், அதைத் தாண்டிப் போய்விடுங்கள். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மார்க் குறையாது. அந்தப் பயம் பலருக்கு இருக்கிறது, தேவையில்லை.

"நான்தான் கடனே வாங்கவில்லையே, அதில் என்ன இருக்கும்" என்பீர்கள். எங்கள் கிளைக்கு ஒரு பையன் வந்தான். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் வேலையில் இருந்தவன். உங்களைப் போலவே "ஒரு ரூபாய் கடன் கிடையாது சார்" என்று சத்தியம் செய்தான். ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். அதில் ஒரு கல்விக் கடன் இருந்தது. காலேஜில் சேரும்போது அப்பா கூட்டிக்கொண்டு போய் எங்கெங்கோ கையெழுத்துப் போடச் சொன்னார், இவனும் போட்டான். அது அப்பா வாங்கிய கடன் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். கல்விக் கடனில் முதல் கடன்காரர் மாணவர்தான், பெற்றோர் கூட்டுக் கடன்காரர். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். டியூ தேதி தாண்டி எத்தனை நாள் ஆனது என்று கட்டத்துக்குள் மூன்று இலக்கத்தில் எழுதியிருப்பார்கள். 000 என்றால் சுத்தம். இவனுடைய கட்டங்களில் முதலில் சில 000, அப்புறம் 031, 062, 090 என்று படிப்படியாக ஏறி, நடுவில் ஒரு மாதம் திடீரென்று 000, மறுபடி 030. "அந்த ஒரு மாசம் பாட்டி தோட்டைத் திருப்பிக்கலாம்னு வச்சிருந்த காசை அப்பா கட்டினாரு" என்றான். ஒரு குடும்பத்தின் மூன்று வருடக் கஷ்டம் அந்தக் கட்டங்களில் நம்பர் நம்பராக இருந்தது. இங்கே மட்டும்தான் சைபருக்கு இவ்வளவு மரியாதை.

ஆகவே அப்பாவிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். கல்விக் கடன் மட்டுமில்லை. மாமாவின் டெம்போ கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் 'கேரண்டர்' என்று ஏறும். அவர் கட்டத் தவறினால் அந்தக் கறை உங்களுக்கும் வரும். நண்பனுக்காக உங்கள் பான் கார்டைக் கொடுத்து மொபைல் கடையில் இஎம்ஐ போட்டிருந்தால் அதுவும் கடன்தான். ஏதாவது இப்படி இருந்து நின்றுபோயிருந்தால், அதை முழுதாகக் கட்டி முடித்து 'குளோஸ்டு' என்று மாற்ற வைப்பதுதான் முதல் வேலை. பாதித் தொகையில் பேசி முடித்தால் 'செட்டில்டு' என்று நிற்கும். கேட்க நல்ல வார்த்தை மாதிரி இருக்கும், கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அது கெட்ட வார்த்தை. உங்களுடையதே அல்லாத கடன் ஏதாவது இருந்தால் அந்த பீரோவிடமே புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு, இனிஷியல். ஆதாரில் 'மு. கார்த்திக்' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியல் வைக்க முடியாததால் 'கார்த்திக் முருகேசன்' என்று ஆகியிருக்கும். பேங்க் பாஸ்புக்கில் 'கார்த்திக் எம்'. வடக்கே எழுதிய மென்பொருளுக்கு இவர்கள் மூன்று பேர். ஆப் வழியாக விண்ணப்பிக்கும்போது பெயர் பொருந்தாமல் ஆரம்பத்திலேயே கழிந்துபோவது நிறைய நடக்கிறது. அப்போது வெளியே சொல்லும் காரணம் வேறு எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துத்தான். ரேஷன் கார்டுக்கு ஒன்று, ஸ்கூலுக்கு ஒன்று என்று இரண்டு பிறந்த நாள் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பான் கார்டில் இருப்பது போலவே பேங்க் கணக்கின் பெயரைத் திருத்திக்கொள்வது இருப்பதிலேயே சுலபம்.

சரி, ரிப்போர்ட் சுத்தம், பெயரும் பொருந்துகிறது, உள்ளே நிஜமாகவே ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே கேட்பது?

உங்களைத் தெரிந்த இடத்தில். உங்கள் சம்பளம் ஏறுகிற பேங்குக்கு மட்டும்தான் பீரோ இல்லாமலே உங்களைத் தெரியும். மாதம் 22,000 வருகிறது, ஐந்தாம் தேதிக்குள் எவ்வளவு போகிறது, மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எல்லாமே அவர்கள் கண் முன்னால் இருக்கிறது. அந்த பேங்க் ஆப்பைத் திறந்து 'ப்ரீ அப்ரூவ்டு', அதாவது நீங்கள் கேட்காமலே பேங்க் ஒப்புக்கொண்ட கார்டு, என்று ஏதாவது காட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நீங்கள் மூன்று இடத்தில் கேட்டீர்களே, அதில் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்க் இருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லை என்றே நினைக்கிறேன். பொதுவாக யாரும் அங்கே கேட்பதில்லை. மாலில் ஸ்டால் போட்டு நிற்பவரிடம்தான் கேட்கிறோம். ஓவர்டைம் காசையும் செலவுக்கு வைத்தது போக அதே கணக்கில் போட்டு வாருங்கள். கையில் வரும் ரொக்கம் உங்களுக்குத்தான் வருமானம், பேங்குக்கு அது தெரியவே தெரியாது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து வைப்பது நல்லது. வருமானத்துக்கு ஒரு அத்தாட்சி.

அது நடக்கவில்லை என்றால் நான் உங்களுக்குச் சொல்வது எஃப்டி, அதாவது ஃபிக்ஸட் டெபாசிட், கார்டுதான். நேர்மையாகச் சொன்னால், அது நடந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

விஷயம் எளிது. பேங்கில் ஒரு தொகையை எஃப்டி போடுகிறீர்கள். அதன் மேல் 'லியன்' என்று ஒரு பூட்டுப் போட்டுவிட்டு, பெரும்பாலும் அந்தத் தொகையில் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் வைத்து கார்டு தருகிறார்கள். எஸ்பிஐ கார்டின் 'உன்னதி' அப்படிப்பட்டது, 25,000 ரூபாய் எஃப்டி வேண்டும். இன்னும் பல தனியார் வங்கிகளும் தருகின்றன, சில இடங்களில் இதைவிடக் குறைந்த தொகைக்கே கிடைக்கும். பணம் அவர்கள் கையில் இருப்பதால் ஸ்கோர் கேட்பதில்லை, சம்பளச் சீட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. எஃப்டிக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். வெளியில் பார்க்க இதுவும் சாதாரண கார்டு மாதிரியேதான் இருக்கும். தேய்க்கிற இடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முக்கியமாக, மாதாமாதம் கட்டுகிற கணக்கு சாதாரண கார்டைப் போலவே பீரோவுக்குப் போகிறது. உங்களுக்கு வேண்டியது அதுதானே.

"என் காசை நானே கொடுத்துவிட்டு, அதை எனக்கே கடனாக வாங்குவதா, இது என்ன முட்டாள்தனம்" என்று ஒருவர் என் மேஜைக்கு முன்னால் கத்தியிருக்கிறார். நியாயமான கோபம்தான். அடகுக் கடையில் நகையை வைத்துவிட்டுக் காசு வாங்குகிறோமே, அப்போது வராத கோபம் இதில் ஏன் வருகிறது என்று நான் கேட்கவில்லை, வாடிக்கையாளர் பாருங்கள். ஆனால் கணக்கு அதேதான்.

எஃப்டி போடுவதற்கு முன்னால் கிளையில் மூன்றைக் கேளுங்கள். நடுவில் பணம் தேவைப்பட்டால் கார்டை மூடிவிட்டு எஃப்டியை உடைக்க எத்தனை நாள் ஆகும். முதிர்வுத் தேதி வந்தால் தானாகப் புதுப்பிக்குமா. வருடக் கட்டணம் உண்டா, எந்த வருடத்திலிருந்து. அவசரத்துக்கு வைத்திருக்கும் காசைத் தூக்கி இதில் போடாதீர்கள். பூட்டிய காசு ஆஸ்பத்திரி நேரத்தில் கைக்கு வராது. வேறு பேங்கில் போய்ப் போடுகிறீர்கள் என்றால், ஒரு பேங்கில் உள்ள டெபாசிட்டுகளுக்கு மொத்தமாக ஐந்து லட்சம் வரை காப்பீடு இருப்பதால் 25,000-க்குப் பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: கட்டாமல் விட்டால் எஃப்டியில் எடுத்துக்கொள்வார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். எடுக்கத்தான் செய்வார்கள். அதற்கு முன்னால் தாமதம் ரிப்போர்ட்டிலும் ஏறிவிடும்.

கார்டு தவிர வேறு வழியிலும் நோட்டில் பெயர் ஏறும். ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ நிதி நிறுவன இஎம்ஐயில் வாங்கினால் ஏறும். பேங்கில் வைக்கும் நகைக் கடனும் ஏறும், இது பலருக்குத் தெரியாது. ஆனால் தெருமுனை அடகுக் கடையில் பத்து வருடம் ஒழுங்காக வட்டி கட்டியிருந்தாலும் எங்கும் பதிவாகாது. பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் ஏலச்சீட்டை ஒரு தவணை விடாமல் கட்டியிருந்தாலும் அப்படித்தான். நம்மில் பாதிப் பேரின் நாணயம் இந்த மாதிரிக் கணக்குகளில்தான் இருக்கிறது, பீரோவின் கண்ணுக்கு அது படவே படாது. அதற்காக, வேண்டாத ஃப்ரிட்ஜை ஸ்கோருக்காக வாங்காதீர்கள்.

இணையத்தில் இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பாதிக்கு மேல் அமெரிக்காக்காரர்களுக்காக எழுதியது, தமிழில் இருந்தாலும் அங்கிருந்து இறக்கியது. அப்பா அம்மாவின் கார்டில் ஆட் ஆன் கார்டு வாங்கிக்கொள், உனக்கு ஸ்கோர் ஏறும் என்று அதில் இருக்கும். இங்கே ஆட் ஆன் கார்டின் கணக்கு முதன்மை அட்டைதாரர் பெயரில்தான் இருக்கிறது, பில்லுக்கும் அவர்தான் பொறுப்பு. நீங்கள் எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்தாலும் புகழ் அவருக்கே. அதேபோல், உடனடிக் கடன் தரும் ஆப்பில் ஐயாயிரம் வாங்கித் திருப்பிக் கட்டினால் ஹிஸ்டரி வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனத்தின் ஆப் என்றால் கணக்கு ஏறும், ஆனால் ரிப்போர்ட் முழுக்கச் சின்னச் சின்ன ஆப் கடனாக இருந்தால் அதைப் பார்க்கும் அதிகாரி முகம் சுளிப்பார். பதிவு பெறாத ஆப் என்றால் உங்கள் போனில் உள்ள எல்லா நம்பருக்கும் உங்களைப் பற்றி மெசேஜ் போகும். வேண்டவே வேண்டாம்.

கார்டு கைக்கு வந்துவிட்டது. இனிதான் அப்பா சொல்வதைக் காதில் வாங்க வேண்டும், ஏனென்றால் அவர் பயப்படுவதில் உண்மை இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். மே 10-ஆம் தேதி 10,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்குகிறீர்கள். ஜூன் 5-ல் ஸ்டேட்மென்ட் வருகிறது, கட்ட வேண்டிய தேதி ஜூன் 25. இதுவரை 46 நாள், வட்டி இல்லை. 25-ஆம் தேதி முழுதும் கட்டிவிட்டால் கதை முடிந்தது, இலவசமாக ஒன்றரை மாதம் காசு கிடைத்த மாதிரி. ஆனால் ஸ்டேட்மென்டில் 'மினிமம் டியூ 500' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை மட்டும் கட்டுகிறீர்கள். இப்போது வட்டி ஜூன் 25-லிருந்து போடுவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, மே 10-லிருந்து போடுவார்கள். மாதம் 3.75 சதவீதம், அதாவது வருடத்துக்கு 45 என்று வைத்தால், 10,000-க்கு 46 நாள் வட்டி 567 ரூபாய். மீதி 9,500-க்கு ஜூலை 5 வரை பத்து நாள், 117 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 123. ஆக 807. ஜூலை ஸ்டேட்மென்டில் 10,307 நிற்கும். ஐநூறு கட்டிய பிறகு கடன் முந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுக் காசு எடுத்தாலும் இதே கதைதான், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே ஒரு கட்டணம் வேறு.

முன்பு இந்த வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே எவ்வளவு வட்டி என்பது உங்கள் கார்டின் விதிமுறைக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கந்துவட்டிக்காரர் முகம் பார்த்தாவது தெரியும் என்று எங்கள் அப்பா சொல்வார். உங்கள் அப்பாவும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இந்த 807 ரூபாய்க் கணக்கை அவர் முன்னால் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். "இது தெரிந்துதான் வாங்குகிறேன்" என்று சொன்னால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார்.

அதனால் கார்டு வந்த அன்றே ஆட்டோ டெபிட் போடுங்கள். போடும்போது 'மினிமம் அமவுண்ட்', 'டோட்டல் அமவுண்ட்' என்று இரண்டு இருக்கும். டோட்டலைத் தேர்ந்தெடுங்கள். மினிமத்தைத் தட்டிவிட்டு வருடக் கணக்கில் வட்டி கட்டியவர் என் சொந்தத்திலேயே உண்டு. சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, பில் நான்காம் தேதி கட்ட வேண்டும் என்று இடித்தால் பில் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள், தர வேண்டும் என்பது விதி. ஒருவேளை மறந்தே போய்விட்டால், கட்ட வேண்டிய தேதி தாண்டி மூன்று நாள் கழித்துத்தான் தாமதக் கட்டணம் போடவோ பீரோவுக்குத் தெரிவிக்கவோ முடியும். அந்த மூன்று நாளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழக்கமாக்க வேண்டாம்.

புதுக் கார்டு ஆன்லைனில் வேலை செய்யவில்லை என்று பலர் திரும்பக் கொண்டுவருவார்கள். பழுது ஒன்றுமில்லை. கடையில் தேய்ப்பதற்கு மட்டும் திறந்து தருவார்கள், ஆன்லைன், வெளிநாடு எல்லாம் ஆப்பில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். தேவையானதை மட்டும் திறந்து, அதற்கும் ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். கிடைத்தால் ரூபே கார்டாக வாங்குங்கள். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கலாம். ஸ்வைப் மெஷின் இல்லாத கடையிலும் க்யூஆர் அட்டையில் ஸ்கேன் செய்தே கட்டிவிடலாம். ஆட்களுக்குப் பணம் அனுப்ப மட்டும் முடியாது. சௌகரியம்தான், ஆனால் டீக்கும் வடைக்கும்கூடக் கடன் வாங்குகிறோம் என்பது ஞாபகத்தில் இருக்காது.

என்ன செலவை அதில் போடுவது? எப்படியும் செய்யப்போகிற செலவை. பெட்ரோல், போன் ரீசார்ஜ், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில். லிமிட் 25,000 என்றால் ஏழெட்டாயிரத்துக்குள் நிறுத்துங்கள். முப்பது சதவீதம் என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள், சட்டமில்லை, ஆனால் லிமிட்டை ஒட்டியே மாதாமாதம் போனால் ஸ்கோர் இறங்கும். ஒரு மாதம் கூடுதலாகப் போய்விட்டால் ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடலாம். 2025-லிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது பீரோவுக்குக் கணக்கு அனுப்புகின்றன, அதனால் நல்லதும் கெட்டதும் முன்னைவிடச் சீக்கிரம் ஏறும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்த மைனஸ் ஒன்று போய் மூன்று இலக்கத்தில் ஒரு நம்பர் வரும். வந்ததும் "லிமிட் கூட்டித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போனும் வரும். உங்கள் சம்மதம் இல்லாமல் லிமிட்டைக் கூட்டவே கூடாது, சம்மதத்தை யாரும் போனில் ஓடிபியாகக் கேட்பதில்லை. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு உங்கள் சம்பளக் கணக்கு பேங்கில் சாதாரண கார்டு கேளுங்கள். வந்து சேர்ந்து, இரண்டு மூன்று மாதம் புழங்கிய பிறகு, எஃப்டி கார்டை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று பார்க்கலாம். கட்டணம் இல்லை என்றால் நான் வைத்துக்கொள்வேன், பழைய கணக்குக்கு மதிப்பு உண்டு. காசு வேண்டுமென்றால் மூடிவிடுங்கள். பாக்கி ஏதும் இல்லாமல் மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். மூடியதும் எஃப்டி மேல் இருக்கும் லியன் நீங்கிவிட்டதா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள், கார்டு போன பிறகும் பூட்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்த கேஸ்களை நானே கையில் எடுத்துத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டை எடுங்கள். 'அக்கவுண்ட்' என்ற பகுதியில் ஏதாவது வரி இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, அந்தக் கட்டங்களில் உள்ள நம்பரை மட்டும் எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.